பிதாக்களின் பாவம்: புலம்பல் 5, தானியேல் 9

கி.மு. 586 வாக்கில் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. அந்த அழிவை முன்வைத்து எழுந்தவை வேதாகமத்தின் புலம்பல் 5ஆம் அதிகாரமும் தானியேல் 9ஆம் அதிகாரமும். இந்த இரண்டு ஜெபங்களும் முன்னோரின் பாவத்தைக் கையாளும் விதம் வேறு.

புலம்பல் 5 ஒரு முறையீடு. சொந்தத் தண்ணீரையே காசு கொடுத்துக் குடிக்கிறார்கள், விறகுக்கும் விலை. 7ஆம் வசனத்தில் குமுறல் வெடிக்கிறது: பாவம் செய்த பிதாக்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சுமை மட்டும் எங்கள் தலையில். ஆனால் 16ஆம் வசனத்தில் அதே வாய், நாங்களும் பாவம் செய்தோம் என்கிறது. இதை முரண்பாடு என்று தள்ளிவிட முடியாது. அடிபட்டவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். கடைசி வசனம் வரை பதிலும் இல்லை.

தானியேல் 9இல் புகாரே கிடையாது. ராஜாக்கள், பிரபுக்கள், பிதாக்கள் என எல்லாருடைய குற்றத்திலும் தானியேல் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். இத்தனைக்கும் 6ஆம் அதிகாரத்தில் எதிரிகள் துருவித் தேடியும் அவரிடம் குற்றம் கிடைக்கவில்லை! நீதி உமக்கு, வெட்கம் எங்களுக்கு என்று இரக்கத்தை மட்டுமே நம்பிக் கெஞ்சுகிறார். ஜெபம் முடிவதற்குள் தேவதூதன் காபிரியேல் பதிலோடு வந்துவிடுகிறார்.

தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 தீர்த்துச் சொல்கிறது. அப்படியிருக்க, தானியேல் சுமப்பது தானே முன்வந்து ஏற்ற சுமை. நொந்து கிடப்பவரிடம் அதைத் திணிப்பது கொடுமை. அவருக்குப் புலம்பலையே கொடுப்பேன். முன்னோரின் அநியாயத்தால் இன்றும் வசதியாக வாழ்பவருக்குத்தான் தானியேலின் ஜெபம்.