நானூறு ஆண்டு வெண்கலத்துக்கு ஒரு ஜோடி மரக்குச்சி

குச்சியால் தட்டி ஒலிக்கும் வெண்கலத் தட்டான சிம்பலின் தயாரிப்பில் பெயர்பெற்ற ஸில்ஜியன் நிறுவனம், தன் 400-ஆம் ஆண்டையொட்டி 2023-இல் நினைவுப் பதிப்பாக வெளியிட்ட டிரம் குச்சிகளில், ரசவாதத்தைக் கருப்பொருளாகக் கொண்ட ஜோடியைக் கடந்த சில மாதங்களாக ஒத்திகைகளில் வாசித்து வருகிறேன். செவ்விசை, ஜாஸ், அறுபதுகளின் ராக் ஆகியவற்றை நினைவுகூரும் ஜோடிகளும் இவ்வரிசையில் உண்டு என்றாலும், கதை தொடங்கிய இடத்திலேயே நிற்பது இந்த ஜோடிதான் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

கான்ஸ்டான்டினோப்பிளில் (இன்றைய இஸ்தான்புல்) வாழ்ந்த அவெடிஸ் என்ற ஆர்மீனிய உலோகக் கைவினைஞர், செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்து பொன் செய்ய முயன்று, பொன்னுக்குப் பதிலாக நெடுநேரம் ஒலிக்கும் ஒரு வெண்கலத்தை 1618-இல் கண்டடைந்தார் என்பது அக்குடும்பத்தின் வரலாறு. அவருக்கு சுல்தான் இரண்டாம் உஸ்மான் 80 பொற்காசுகளையும், சிம்பல் செய்பவரின் வழிவந்தவர் என்று பொருள்படும் குடும்பப் பெயரையும் வழங்கினார் என்றும் அவ்வரலாறு கூறுகிறது. துருக்கி மொழியில் ஸில் என்றால் சிம்பல். ஜி என்பது அதைச் செய்பவரைக் குறிக்கும் விகுதி. கடைசியில் வரும் யான் ஆர்மீனியப் பெயர்களுக்கே உரியது. 1623-இல் அவர் சமாத்யா பகுதியில் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார் என்பதால், உலோகம் பிறந்த ஆண்டை விட்டுவிட்டுப் பட்டறை பிறந்த ஆண்டிலிருந்துதான் இந்த 400 ஆண்டுகள் எண்ணப்படுகின்றன.

ரசவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குச் சித்தர்களின் நினைவு வரும். ஆனால் அந்தப் பட்டறையின் உண்மையான வித்தை வேறு இடத்தில் இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் குளிர்ந்த நிலையில் தட்டினால் கண்ணாடிபோல் உடைந்துவிடும் இயல்புடையது. அதைத் திரும்பத் திரும்பச் சூடாக்கித் தகடாக்கி, தண்ணீரில் தோய்த்துப் பதப்படுத்தி, சுத்தியலால் அடித்து, கடைசலில் வரிவரியாகச் சீவி மெல்லிய சிம்பலாக்குவதே கடினமான வேலை. ஆகவே இந்த நினைவுப் பொருளில் பாராட்டப்பட வேண்டியவர் பொன் தேடியவரா, சுத்தியல் பிடித்தவரா என்று என்னைக் கேட்டால், இரண்டாமவர் என்றே சொல்வேன்.

வாசிப்புக்கு வருகிறேன். நினைவுப் பொருள் என்றதும் அலமாரிக்கு மட்டுமே உரிய பொம்மையாக இருக்குமோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. குச்சிகளைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தேன், தள்ளாட்டம் இல்லை. ஒவ்வொன்றாகத் தரையில் தட்டிக் கேட்டபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலித்தன. நான் பல ஆண்டுகளாகப் பழகிய, 5ஏ எனப்படும் நடுத்தர அளவுக் குச்சியிலிருந்து இதற்கு மாறியபோது கை தடுமாறவில்லை என்பதே இதற்கு நான் தரும் பெரிய சான்றிதழ். தாளத்தைத் தொடர்ந்து தட்டிச் செல்லும் ரைடு சிம்பலில் ஒவ்வொரு தட்டும் தெளிவாகப் பிரிந்து கேட்கிறது. வெண்கலக் கடையில் யானை புகுந்த கதையாக வாசிப்பவர்கள் மட்டும் இன்னும் கனமான குச்சியைத் தேடுவார்கள்.

ஆனால் இவ்வகைப் பொருள் எதற்கும், யார் செய்தாலும், தவிர்க்க முடியாத ஒரு முரண் உண்டு. குச்சியை முதலில் தின்பது சிம்பல்தான். காலால் திறந்து மூடும் சிம்பல் ஜோடியான ஹை-ஹேட்டின் விளிம்பில் வாசிக்க வாசிக்க, குச்சி கூம்பிச் செல்லும் தோள்பகுதி அரம் போட்டதுபோல் சீவப்படும். ஸ்னேர் என்ற டிரம்மில், தோலையும் விளிம்பு வளையத்தையும் ஒருசேரத் தட்டும் ரிம் ஷாட் அடிப்பவர்களுக்குக் குச்சியின் நடுப்பகுதியும் பள்ளம் விழும். சிம்பலின் வரலாற்றைக் கொண்டாடும் மரம், அந்தச் சிம்பலிடமே நாளுக்கு நாள் தோற்கிறது.

வரிசை முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. ரசவாதியிலிருந்து அமெரிக்க மேடைகளுக்குத் தாவும்போது இடையில் இருந்த கடல் காணாமல் போகிறது. அக்குடும்பத்தில் பின்னர் வந்த இரண்டாம் அவெடிஸ் 1850-களின் தொடக்கத்தில் சொந்தமாகப் பாய்மரக் கப்பல் கட்டிச் சிம்பல்களை லண்டன் கண்காட்சிக்கு அனுப்பியதும், மிட்டாய்த் தொழில் நடத்திக்கொண்டிருந்த மூன்றாம் அவெடிஸ் 1929-இல் மாசசூசெட்ஸின் குயின்சியில் புதிய ஆலை திறந்து, பின்னர் ஜீன் குருபா போன்ற டிரம்மர்களின் தேவைக்கேற்பச் சிம்பல்களை மெலிதாக்கியதும் ஜாஸ், ராக் ஆகியவற்றைவிடச் சுவையான கருப்பொருள்களாக இருந்திருக்கும். இஸ்தான்புல்லிலேயே 1970-கள் வரை நீடித்த ‘கே’ என்ற சிம்பல் வரிசையின் பட்டறைக்கும், குடும்பம் பிரிந்து 1981-இல் கனடாவில் சேபியன் என்ற போட்டிச் சிம்பல் நிறுவனம் பிறந்ததற்கும் இதில் இடமில்லை என்பது வியப்பன்று; பிறந்தநாள் விழாவில் பாகப்பிரிவினையை யார் பேசுவார்கள்?

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரையறுக்கப்பட்ட பதிப்பு என்பதால் விற்பவர்கள் தம் விருப்பம்போல் விலை சொல்கிறார்கள். நான் முதலில் அணுகிய இணைய விற்பனையாளர், வேறொரு சாதாரண ஜோடியை அனுப்பிவிட்டு, பணத்தைத் திருப்பித்தர மூன்று வாரம் அலைக்கழித்தார். கடையில் நேரில் உருட்டிப் பார்த்து வாங்குவதே நல்லது. சேகரிப்பாளராக இருந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளலாம். வாசிப்பவராக இருந்தால், அதே பணத்தில் சாதாரணக் குச்சிகள் கூடுதலாகவே கிடைக்கும் என்பதை அறிந்து வாங்கலாம்.

என் ஜோடியில் ஹை-ஹேட் வாசிக்கும் வலக்கைக் குச்சிதான் முதலில் இளைத்தது. தேய்மானத்தைச் சமன் செய்யச் சென்ற வாரம் இரண்டையும் கை மாற்றிக்கொண்டேன். இப்போது ஹை-ஹேட்டின் கீழே உதிரும் மரத்தூள் மற்றொன்றினுடையது.