பாம்பன் மாதிரி ஒரு மேப் வேண்டும்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் எதை எடுக்கலாம்?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி பக்கம் விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில், ஊர் கட்டிப் படை திரட்டி மோதும் கம்ப்யூட்டர் கேமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் ஆட நாலு பேர் சேருவது எளிது. சேர்ந்த பிறகு வருகிற தகராறு ஒன்றுதான்: எந்த மேப்? ஒருத்தர் அரேபியா என்பார், இன்னொருத்தர் ஐலண்ட்ஸ் என்பார். அரேபியாவில் கப்பலுக்கு வேலை கிடையாது. ஐலண்ட்ஸில் கப்பல் தோற்றால் தரைப்படை இருந்தும் பயனில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மேப்கள் 2019 நவம்பரில் வந்த இந்தப் பதிப்பில் நிறையவே உண்டு. பெயரையும் படத்தையும் பார்த்து எடுத்தால் மட்டும் ஏமாந்துபோவோம்.

சமமான மேப் என்றால் பாதித் தண்ணீர், பாதித் தரை என்று அர்த்தமில்லை. கடலைப் பிடித்தவருக்குக் கையில் லாபம் தெரிய வேண்டும். கடலை விட்டவரும் பிழைத்துத் திரும்பி அடிக்க முடிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த ஆட்டம் 20 நிமிடத்திலேயே முடிந்த மாதிரிதான். மீதி நேரம் சும்மா இழுத்துக்கொண்டிருப்பது.

லாபம் இருக்கிறதா என்று பார்க்க மீன் கணக்கு போட்டால் போதும். ஆழ்நீர் மீன் கூட்டம் ஒன்றில் 225 உணவு இருக்கிறது, கரையோர மீனில் 200. படகும் கப்பலும் கட்டும் துறையான டாக் போட 150 மரம், மீன்பிடிப் படகு ஒன்றுக்கு 75 மரம். எதிர்ப்பக்கத்தில், மேம்பாடு எதுவும் செய்யாத வயல் ஒன்று 60 மரத்துக்கு 175 உணவு தருகிறது. இப்போது மூன்று மீன் கூட்டம் மட்டும் உள்ள ஒரு குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் 675 உணவு, ஒரு டாக்கும் இரண்டு படகும் போட்டால் 300 மரம் செலவு. அதே உணவு நாலு வயலில், 240 மரத்தில் வந்துவிடும். குட்டைக்கு டாக் போட்டது நஷ்டம். ஆறு மீன் கூட்டம் இருந்தால் கதை மாறுகிறது: 1350 உணவு, ஒரு டாக்கும் மூன்று படகும் 375 மரம். வயலில் அதை எடுக்க எட்டு வயல், 480 மரம். போதாததற்கு அந்த வயல்களுக்கு வேலையாட்களான வில்லேஜர்களும் வேண்டும். படகுகள் வயலைவிட வேகமாக உணவு கொண்டுவருகின்றன. ஆகவே ஒரு ஆளுக்கு ஆறு மீன் கூட்டமாவது கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத மேப்பில் தண்ணீர் வெறும் அலங்காரம்.

டாக் வைக்கும் இடத்தில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். படகு ஒரு தடவைக்கு 15 உணவுதான் சுமக்கும், அதை டாக்கில் இறக்கிவிட்டுத்தான் திரும்பப் போகும். மீனிலிருந்து பத்துக் கட்டம் (மேப்பின் சதுரம்) தள்ளி டாக் வைத்தால் படகின் நேரம் நிறையப் பயணத்திலேயே போய்விடும். ஊரின் மையக் கட்டிடமான டவுன் சென்டருக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வைக்காதீர்கள். மீன் எங்கே கூடி நிற்கிறதோ அங்கே வையுங்கள். கரைவலை இழுப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது கடவு. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-இல் திறந்தது. நடுப்பகுதி தூக்கினால் படகு போனது, இறக்கினால் ரயில் போனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. ஒரே இடத்தில் தரைப்போக்கும் நீர்ப்போக்கும். கேமில் அந்த வேலையைச் செய்வது ஷாலோஸ் எனப்படும் ஆழமற்ற நீர். இதில் கப்பலும் போகும், காலாட்படையும் நடக்கும். நம் கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் இடிக்கும்: சேதுக்கடலின் ஆழம் போதாமல்தான் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிப் போகின்றன. கேமில் எவ்வளவு பெரிய கப்பலும் ஷாலோஸைத் தாண்டிவிடும். அந்த ஒரு சலுகைதான் மேப்பைச் சமன் செய்கிறது.

ரிவர்ஸ் மேப்பில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஈட்டிக்காரர்கள் வெளிர் நிறத் தண்ணீரில் கணுக்கால் நனைய வரிசையாக இறங்குவார்கள். ஆற்று வளைவிலிருந்து கேலி எனப்படும் போர்க்கப்பல் ஒன்று வந்து அவர்கள் மேல் அம்பு விடத் தொடங்கும். தூரத்தில் நின்று விட்டால் ஈட்டிக்காரர் ஒவ்வொருவராக விழுவார்கள். அதே கேலி ஷாலோஸுக்குள் வந்து நின்றுவிட்டால் நாலு பேர் அதைச் சூழ்ந்து குத்தியே மூழ்கடித்துவிடுவார்கள். வழக்கமான ஷாலோஸில் சுவர் எழுப்ப முடியாது என்பதும் முக்கியம். தரையை எவ்வளவு அடைத்தாலும் அந்த வாசல் திறந்தே இருக்கும்; இரு கரையிலும் கோபுரம் வைத்துத்தான் காக்க வேண்டும். ரிவர்ஸின் குறை, ஆற்றில் மீன் குறைவு. மேலே சொன்ன ஆறு மீன் கணக்கு பல சமயம் தேறாது. சண்டைக்கு அருமையான மேப், பொருளாதாரத்துக்கு அவ்வளவாக இல்லை.

எல்லாவற்றிலும் முதலிடம் ஃபோர் லேக்ஸுக்கு. நாலு ஏரி, ஒன்றோடொன்று சேராது. ஒரு ஏரியைப் பறிகொடுத்தால் ஒரு ஏரிதான் போகும், ஆட்டம் போகாது. போர்க்கப்பலை ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக வழியில்லாததால் கடற்படையில் கண்மூடித்தனமாகக் கொட்டுபவருக்கு அதுவே தண்டனை: கேலி ஒன்றுக்கு 90 மரமும் 30 தங்கமும் போய், அந்தத் தண்ணீருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஏரி சிறியது என்பதால் கரையில் நின்ற வில்லாளிகளே மீன்பிடிப் படகுகளை விரட்ட முடியும். தரைப்படை தண்ணீரைத் தொடுகிறது, தண்ணீர் தரைக்குச் சோறு போடுகிறது. இரண்டு பேர் ஆட இதைவிட நல்லதொரு மேப் இந்தக் கேமில் இல்லை. ஏரிக்கு இரண்டு, மூன்று போர்க்கப்பலுக்கு மேல் போடாமல், மிச்ச மரத்தைத் தரைக்குத் திருப்புபவர் பெரும்பாலும் முன்னால் இருப்பார்.

நாலு பேருக்கு மெடிட்டரேனியன். நடுவில் கடல், சுற்றிலும் தரை. நால்வரின் டாக்கும் ஒரே கடலைப் பார்க்கும், ஆனால் எல்லாருக்கும் நடந்து போக வழி உண்டு. கடலில் தோற்றவர் குதிரையை எடுத்துக்கொண்டு சுற்றிப் போய் அடிக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது கரைக்கும் ஊருக்கும் உள்ள தூரம். ஆட்டத்தில் படிப்படியாக ஏறும் காலங்களில் கடைசியில் வரும் பீரங்கிக் கப்பலான கேனன் கேலியன் 13 கட்டம் வரை குண்டு வீசும், கோட்டை எட்டுவது 8 கட்டம்தான். டவுன் சென்டர் கரையிலிருந்து 13 கட்டத்துக்குள் விழுந்திருந்தால் கடலைப் பிடித்தவர் ஊரையே தண்ணீரில் நின்றபடி இடித்துவிடுவார். அப்படி விழுந்தவர் புதிய டவுன் சென்டர், கோட்டை, பயிற்சிக்கூடம் எல்லாவற்றையும் உள்நாட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். கரையில் வயல் மட்டும் இருக்கட்டும். இந்த எண்கள் அப்டேட்டில் அவ்வப்போது திருத்தப்படும், ஆட்டத்துக்கு முன் யூனிட்டின் விவரத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நோமாட் இன்னொரு வகை. டவுன் சென்டர் இல்லாமல் மூன்று வில்லேஜர்கள் சிதறி நிற்பார்கள். கரைக்குப் பக்கத்தில் ஒருவராவது நின்றால் டவுன் சென்டரைக் கடலோரமாகப் போட்டு உடனே டாக் வைக்கலாம். மூவரும் உள்நாட்டில் நின்றால் ஆரம்பமே பின்தங்கல். சமநிலை அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதால் பந்தயமாக ஆடுபவர்களுக்கு இது வேண்டாம். புதிதாகக் கற்பவர்களுக்குக் கடலும் கரையும் சேர்த்துப் பார்க்கக் கண் பழக்கும் மேப் இதுதான்.

கான்டினென்டல் பரவாயில்லை, கடலை முழுக்கப் புறக்கணித்தும் ஜெயிக்கலாம், அதனால் தரைக்காரர்களுக்குச் சாதகம். மைக்ரேஷன் அழகாக இருக்கும், சமமாக இருக்காது. தனித்தீவில் தொடங்கி நடு நிலத்துக்கு மாற வேண்டும், அந்தக் கரையைக் கேலிகளால் முதலில் மறித்தவர் கதவைப் பூட்டிவிடுகிறார்.

ஐலண்ட்ஸ் ஏன் தள்ளிவைக்கப்படுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. டிரான்ஸ்போர்ட் கப்பல் 125 மரம், மேம்பாடு இல்லாமல் ஐந்து பேரைத்தான் ஏற்றும். 30 வீரர்களைக் கரையிறக்க ஆறு கப்பல், 750 மரம். வழியில் ஒன்று மூழ்கினால் உள்ளிருக்கும் ஐவரும் சேர்ந்து போவார்கள். கடலில் ஒருமுறை தோற்றவர் இந்தச் செலவைச் செய்து திரும்பி வருவது அரிது. கேரீனிங் என்ற கப்பல் மேம்பாட்டை ஆய்வு செய்தால் பத்து பேர், அடுத்த மேம்பாடான டிரை டாக் வந்தால் 20 பேர் ஏறலாம். அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

கால்வாயின் அகலம் எந்தக் கப்பல் ஓங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. திறந்த கடலில் கேலி தூரத்தில் நின்று அடித்துப் பின்வாங்கும். குறுகிய நீரில் அதற்குப் பின்வாங்க இடமில்லை, நெருங்கி எரிக்கும் நெருப்புக் கப்பல் அதைத் தின்றுவிடும். நெருப்புக் கப்பல்கள் கூட்டமாக வந்தால் மோதித் தானும் வெடிக்கும் ஒரே வெடிகப்பல் நாலைந்தைக் கொண்டுபோகும். தூரத்திலிருந்தே வெடிகப்பலை முடிப்பது மறுபடியும் கேலி. அகலமான கடலும் ஒடுங்கிய கழுத்தும் ஒரே மேப்பில் கலந்திருந்தால் மூன்றுக்கும் வேலை வரும். வடகடலும் தென்கடலும் பாம்பன் கால்வாயில் சந்திப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கேமில் தென்னிந்திய நாகரிகமான டிராவிடியன்ஸை எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல். 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இண்டியா என்ற கூடுதல் தொகுப்பை வாங்கினால்தான் அது கிடைக்கும். ராஜேந்திர சோழன் கதை கொண்ட கேம்பெய்னும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு காலம் ஏறும்போதும் 200 மரம் இலவசம், அதாவது ஒரு டாக் போக மிச்சம் 50. மீன்பிடிப் படகு 15 அதிகமாகச் சுமக்கும், ஆக 30. டாக் தூரமாக விழுந்தாலும் இவர்களுக்கு அடி குறைவு. ஆனால் நைட் எனப்படும் கனரகக் குதிரைவீரர் கிடையாது. மெடிட்டரேனியனில் பக்கத்து ஆள் குதிரைப்படையோடு சுற்றி வந்தால் ஈட்டிக்காரர்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

மேப் அளவில் பிசகினால் நல்ல மேப்பும் கெடும். டைனி 120க்கு 120 கட்டம், இரண்டு பேருக்கு. மீடியம் 168க்கு 168, நாலு பேருக்கு. நார்மல் 200க்கு 200, ஆறு பேருக்கு. நாலு பேர் நார்மலில் ஆடினால் தரைப்படை போய்ச் சேரவே நேரமாகி, கடல் வைத்திருப்பவருக்குச் சாதகமாகிவிடும். ஆள் எண்ணிக்கைக்கு உரிய அளவையே வையுங்கள். இன்னொன்று: இந்தக் கேமில் ஒருவருடைய கம்ப்யூட்டர் திணறினால் எல்லாருடைய ஆட்டமும் மெதுவாகும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் என்ஹான்ஸ்டு கிராஃபிக்ஸ் பேக்கை நீக்கிவிட்டு ஆடினால் மற்றவர்கள் நன்றி சொல்வார்கள்.

எதுவும் மனசுக்கு ஒத்துவராவிட்டால் சினாரியோ எடிட்டரில் மண்டபம், பாம்பன் மேப்பை நீங்களே வரையலாம். 168 அளவில், முழுக்கத் தண்ணீராகத் தொடங்குங்கள். மேற்கே பெருநிலம், கிழக்கே ராமேஸ்வரம் தீவு, நடுவில் ஷாலோஸ். அந்தக் கடவின் அகலம் ஐந்து கட்டத்துக்குக் குறையக் கூடாது. ஒன்று, இரண்டு கட்டம் விட்டால் படையும் கப்பலும் முட்டிக்கொண்டு நிற்கும். தெற்கே குருசடை, முயல் தீவு போல நாலைந்து சிறு தீவுகளை வைத்து அவற்றில் கொஞ்சம் தங்கம் போடுங்கள். டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒரு காரணம் கிடைக்கும். வடக்கிலும் தெற்கிலும் மீன் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும், ஆளுக்கு ஆறுக்குக் குறையாமல். கரையை ஒட்டிக் காடு வரையாதீர்கள், டாக் வைக்கப் போகும் வில்லேஜருக்கு வழி அடைபடும். டவுன் சென்டர்கள் கரையிலிருந்து 16 கட்டமாவது தள்ளியிருக்க வேண்டும்.

வரைந்து முடித்ததும் டெஸ்ட் கொடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: ஒவ்வொருவர் கரையிலும் டாக் உட்காருகிறதா, ஒரு கேலி வடகடலிலிருந்து தென்கடலுக்கு இடிக்காமல் வருகிறதா, 20 ஈட்டிக்காரர்கள் சிதறாமல் கடவைத் தாண்டுகிறார்களா. மூன்றாவதில்தான் அநேகமாகச் சிக்கும். ஷாலோஸின் இரு முனையிலும் கரையை இன்னும் இரண்டு கட்டம் அகலப்படுத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.