ஹெச்ஏ பிராக்சி: ஆறு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான்கு சர்வர்களுக்கு முன்னால், வரும் வேலையை அவற்றுக்குப் பகிர்ந்து கொடுக்கும் லோட் பேலன்சராக ஹெச்ஏ பிராக்சியை வைத்து ஆறு வருடம் ஓடிவிட்டது. நிறுவிய புதிதில் எழுதியிருந்தால் ‘அருமை’ என்று நாலு வரியில் முடித்திருப்பேன்.

2000-இல் வில்லி டாரோ எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. சி மொழி, ஓப்பன் சோர்ஸ். இத்தனை நாளில் அது தானாக விழுந்ததாக எனக்கு நினைவில்லை. விழுந்ததெல்லாம் நாங்கள் எழுதிய கான்ஃபிகரேஷனால்தான்.

முதலில் ரவுண்ட் ராபின் போட்டோம். வரும் கனெக்ஷனை முதல் சர்வர், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகும். எண்ணிக்கை அச்சடித்த மாதிரி சமம். ஆனால் ஒரு சர்வரில் சிபியு 90 சதவீதம், பக்கத்து சர்வரில் 30. ஒருவர் லாகின் பக்கத்தைப் பார்த்துவிட்டு நொடியில் போய்விடுவார். இன்னொருவர் மூன்று வருட அறிக்கையைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். ரவுண்ட் ராபினுக்கு இரண்டும் ஒரே கணக்கு.

அதனால் லீஸ்ட் கனெக்ஷனுக்கு மாறினோம். யாரிடம் திறந்திருக்கும் கனெக்ஷன் குறைவோ, அடுத்தது அவர் தலையில். வெப்சாக்கெட் (உலாவியும் சர்வரும் இருபுறமும் பேசிக்கொள்ளும் இணைப்பு) போல மணிக்கணக்கில் திறந்திருப்பவற்றுக்கு இதுதான் பொருத்தம். பல மாதம் நிம்மதியாக இருந்தோம்.

அப்புறம் ஒரு நாள் மூன்றாவது சர்வரில் டிஸ்க் நிரம்பியது. எந்த வேலையும் செய்ய முடியாமல், வந்த எல்லாவற்றுக்கும் 500 பிழையை (சர்வருக்குள்ளேயே கோளாறு என்று பொருள்) ஐந்து மில்லிசெகண்டில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. உடனுக்குடன் முடித்துவிடுவதால் அதனிடம் திறந்த கனெக்ஷனே கிடையாது. லீஸ்ட் கனெக்ஷன் பார்வையில் அதைவிடச் சும்மா இருக்கும் சர்வர் இல்லை! ட்ராஃபிக்கில் பெரும்பகுதியை அதன் பக்கமே தள்ளியது. புள்ளிவிவரப் பக்கத்தில் நான்கு வரிசையும் பச்சையாகவே இருந்தன, ஏனென்றால் நாங்கள் வைத்திருந்த ஹெல்த் செக் (சர்வர் நலமாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கும் சோதனை), இணைப்பு வாங்கும் போர்ட் திறக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தது. போர்ட் நன்றாகவே திறந்தது.

சரி என்று, ஒரு வலைப்பக்கத்தைக் கேட்டுப் பதிலைப் பார்க்கும் எச்டிடிபி செக்குக்கு மாறினோம். சர்வரில் தனியாக ஒரு பக்கம். அது டேட்டாபேஸில் ஒரு வரியைப் படித்துவிட்டு 200, அதாவது ‘சரி’ என்று சொல்லும். இதில்தான் அடுத்த அடி. இயல்பு அமைப்பில் 2 விநாடிக்கு ஒரு செக், தொடர்ந்து 3 தோற்றால் சர்வர் வெளியே, பிறகு 2 ஜெயித்தால் மீண்டும் உள்ளே. ஒரு நாள் டேட்டாபேஸ் பத்துப் பதினைந்து விநாடி திணறியது. நான்கு சர்வரும் அதே டேட்டாபேஸைத்தான் நம்பியிருந்தன. நான்கும் ஒன்றாக வெளியேற்றப்பட்டன, பயனர் எல்லோருக்கும் 503, ‘சேவை இல்லை’ என்ற பிழை. சும்மா விட்டிருந்தால் பக்கம் மெதுவாகத் திறந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது அந்தப் பக்கம் சர்வரின் சொந்த நலத்தை மட்டும் பார்க்கிறது: டிஸ்கில் எழுத முடிகிறதா, வேலை செய்யும் புராசஸ்கள் பதில் சொல்கின்றனவா. டேட்டாபேஸுக்குத் தனி அலாரம்.

ஐபி முகவரியை வைத்து ஒருவரை ஒரே சர்வரில் ஒட்டவைக்கும் முறையையும் முயன்றோம். ஒரே நாட்-க்கு (பலருக்கும் ஒரே வெளி ஐபியைக் கொடுக்கும் அமைப்பு) பின்னால் நூற்றுக்கணக்கானோர் இருந்தால் அத்தனை பேரும் ஒரே சர்வரில் போய் இறங்குவார்கள். எந்த சர்வர் என்பதை உலாவியில் குறித்துவைக்கும் குக்கி முறையே மேல். செஷனை, அதாவது பயனரின் லாகின் போன்ற விவரத்தை, எல்லா சர்வருக்கும் பொதுவான இடத்தில் வைத்துவிட்டால் அதுவும் வேண்டியதில்லை.

தினசரி வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது டிரெயின். அப்டேட் செய்ய வேண்டிய சர்வரை அந்த நிலையில் வைத்தால் புதியவர்கள் வரமாட்டார்கள், உள்ளே இருப்பவர்கள் முடித்துவிட்டுப் போவார்கள். லாகும் அப்படித்தான்: வரிசையில் காத்திருந்த நேரம், சர்வரோடு இணைந்த நேரம், சர்வர் பதில் சொல்ல எடுத்த நேரம் எல்லாம் தனித்தனியாக விழும். ‘நெட்வொர்க் ஸ்லோ’ என்று யாராவது சொன்னால் அந்த வரியை எடுத்துக் காட்டிவிடுவேன். பெரும்பாலும் நெட்வொர்க் காரணமாக இருக்காது.

ஒரு குறை: ஒற்றை இயந்திரத்தில் வைத்தால் அது விழுந்தால் எல்லாமே விழும். நாங்கள் இரண்டு வைத்து, கீப்அலைவ்டி என்ற மென்பொருள் மூலம் ஒரு பொது ஐபியைப் பகிர்ந்திருக்கிறோம். முதலாவதை நிறுத்திப் பார்த்தால் நான்கு விநாடிக்குள் இரண்டாவது அந்த ஐபியை எடுத்துக்கொள்கிறது. திறந்திருந்த வெப்சாக்கெட்கள் மட்டும் அறுந்து, எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப வந்து கதவைத் தட்டும். அந்த நெரிசலுக்கு இன்னும் நல்ல வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.