சாம்பிள் ஸ்லாப்பா, பழைய ஸ்லாப்பா? பெட்டியைச் சேகரிப்பவருக்கு எது ஏற்றது

அமெரிக்க நாணயக் கண்காட்சிகளில் இலவசமாகக் கொடுக்கப்பட்ட ஒரு பொருள் இன்று ஏலத்துக்கு வருகிறது. நாணயங்களுக்குத் தரச்சான்று தரும் நிறுவனங்கள், ‘ஸ்லாப்’ எனப்படும் தங்கள் பிளாஸ்டிக் பெட்டி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக ஒரு சென்ட் காசையோ பத்து சென்ட் காசையோ உள்ளே வைத்து மூடி, காசின் நிலையைச் சொல்லும் தர எண் எழுதவேண்டிய இடத்தில் ‘சாம்பிள்’ என்று அச்சிட்டுக் கொடுத்தவை அவை. வாங்கியவர்களில் சிலர் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார்கள், பலர் தூக்கி எறிந்தார்கள். இப்போது இந்தச் சாம்பிள் ஸ்லாப்புகளுக்கென்றே பட்டியல் நூல் வந்துவிட்டது. தொகுப்பில் விட்டுப்போன ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் சேகரிப்பாளர்களும் உருவாகிவிட்டார்கள்.

ஸ்லாப்பின் வரலாற்றைப் பெட்டிகள் வழியாகவே சேகரிக்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சாம்பிள். இரண்டாவது, உண்மையிலேயே தரமிடப்பட்ட காசு அடங்கிய பழைய தலைமுறைப் பெட்டி. மூன்றாவது, காலப்போக்கில் மூடப்பட்ட சிறு நிறுவனங்களின் பெட்டிகள். முதல் இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. என் சாய்வு சாம்பிள் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

பெட்டிகளின் வயதை முதலில் பார்ப்போம். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சான்றளிப்புப் பிரிவான அனாக்ஸ் 1972-ல் காசு அசலா போலியா என்று சொல்லத் தொடங்கியது. 1979-ல் தரமும் குறிக்க ஆரம்பித்தது. அப்போது பெட்டி கிடையாது, புகைப்படம் ஒட்டிய சான்றிதழ்தான். காசின் முன்பக்கத்துக்கு ஒரு தரம், பின்பக்கத்துக்கு ஒரு தரம் என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். சான்றிதழும் காசும் தனித்தனியே இருந்ததால் ஒன்றை மாற்றிவைத்து ஏமாற்ற வழி இருந்தது. 1986-ல் பிசிஜிஎஸ் என்ற தனியார் தரச்சான்று நிறுவனம் காசைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டி மூடிக்கொடுக்கத் தொடங்கியதும் சந்தையே மாறியது. அடுத்த ஆண்டு நாணய வியாபாரி ஜான் ஆல்பனீஸ் அதற்குப் போட்டியாக என்ஜிசி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அனாக்ஸ் 1989-ல் பெட்டிக்கு மாறியது. மறு ஆண்டே சங்கம் அதை விற்றுவிட்டது.

அன்று முதல் இன்றுவரை ஒவ்வொரு நிறுவனமும் பெட்டியின் வடிவம், லேபிளின் நிறம், பின்புற முத்திரை எல்லாவற்றையும் பலமுறை மாற்றியிருக்கிறது. இந்த மாற்றங்கள்தான் பெட்டி சேகரிப்பவருக்குத் தீனி.

பழைய தலைமுறைப் பெட்டியில் உள்ள அசல் காசு என்ற வழி கம்பீரமானது. 1986 முதல் 1989 வரை வந்த பிசிஜிஎஸ் பெட்டியை ‘ராட்லர்’ என்பார்கள். குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும். அதன் பிறகு 1998 வரை ஓடிய வெளிர்பச்சை லேபிள் பெட்டிக்கு இன்றும் தனி மரியாதை. அதற்குள் ஒரு மார்கன் வெள்ளி டாலர் இருந்தால், அது அந்தக் காலத்துத் தரமிடுபவரின் தீர்ப்பை அப்படியே சுமந்துகொண்டிருக்கும் ஆவணம். பார்க்க அழகு, கையில் வைத்தால் நிறைவு.

சிக்கல் விலையில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் காசின் மதிப்பு ஒரு பங்கு, எழுதப்பட்ட தரம் ஒரு பங்கு. மூன்றாவதாக ஒரு எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. அந்த நாட்களில் தரம் கறாராகக் கொடுக்கப்பட்டது, இன்று மறுபடி அனுப்பினால் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை சந்தையில் பரவலாக இருக்கிறது. ஆகவே பெட்டியை உடைத்துக் காசை எடுத்து மறுபடி தரத்துக்கு அனுப்பப்போகிறவரும் உங்களோடு ஏலத்தில் போட்டியிடுகிறார். இதே ஆல்பனீஸ் 2007-ல் தொடங்கிய சிஏசி, ஏற்கெனவே தரமிடப்பட்ட காசுகளைப் பார்த்து ஒட்டுவில்லை ஒட்டித் தருகிறது. பச்சை வில்லை என்றால் அந்தத் தரத்துக்கு உறுதியான காசு. பொன்னிற வில்லை என்றால் ஒரு படி மேலே வைத்தாலும் தகும். பழைய பெட்டியில் பொன் வில்லை இருந்தால் விலை எங்கோ போய்விடும். பெட்டியை மட்டும் விரும்பும் நீங்கள், பெட்டியை உடைக்க நினைப்பவரின் கணக்குக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

சாம்பிளில் இந்தப் பின்னல் கிடையாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் புழக்கத்தில் கிடைக்கும் ரூஸ்வெல்ட் பத்து சென்ட், லிங்கன் ஒரு சென்ட் போன்ற காசுகள். காசுக்கு மதிப்பில்லை, பெரும்பாலானவற்றில் தரம் எழுதப்படவே இல்லை, உடைத்து எடுத்து யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. கொடுக்கும் பணம் முழுவதும் பெட்டிக்கும் லேபிளுக்கும்தான் போகிறது. எந்த நிறுவனம், எந்தத் தலைமுறை, எந்தக் கண்காட்சிக்காகச் செய்தது, எத்தனை தப்பியிருக்கும் என்ற கேள்விகளே விலையைத் தீர்மானிக்கின்றன. சேகரிப்பவர் எதை விரும்புகிறாரோ அதற்கு மட்டும் விலை கொடுக்கும் நேர்மை இந்தத் துறையில் வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு ராட்லர் காலத்துச் சாம்பிளையும் பிற்காலத்துச் சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது சிறியது, ஓரங்கள் தட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வழுக்கும். பின்னால் வந்தவற்றில் சுற்றிலும் சற்றே உயர்ந்த விளிம்பு, ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும். கண்காட்சி மேசையில் நூற்றுக்கணக்கான காசுகளை அடுக்கிவைக்கும் வியாபாரியின் தேவை அந்த விளிம்பில் பதிந்திருக்கிறது. மார்கன் டாலர் உள்ளே இருந்தால் கண் முதலில் காசுக்குத்தான் போகும். பத்து சென்ட் காசு அப்படிக் கண்ணைப் பறிக்காததால் பெட்டியின் வேலைப்பாடு முழுதாகத் தெரிகிறது.

சாம்பிளுக்கு எதிரான வாதங்களும் வலுவானவை. முதலாவது, விற்கும்போது கைகொடுக்க அடியில் எதுவும் இல்லை. பழைய பெட்டியில் மார்கன் டாலர் இருந்தால், பெட்டி மோகம் நாளையே வடிந்தாலும் வெள்ளியும் காசும் மிஞ்சும். சாம்பிளில் மிஞ்சுவது பத்து சென்ட். இதை முதலீடாக நினைத்து வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவது நல்லது.

இரண்டாவது, சரிபார்ப்பு. தரமிடப்பட்ட காசுக்குச் சான்று எண் உண்டு, நிறுவனத்தின் தரவுத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். சாம்பிள்கள் பலவற்றில் எண்ணே இல்லை, அல்லது எல்லாவற்றிலும் ஒரே எண். போலிக் காசுகளை மட்டுமல்லாமல் போலிப் பெட்டிகளையும் செய்கிறார்கள் என்பது 2008 வாக்கிலேயே வெளிப்பட்ட விஷயம். ஆகவே வாங்குமுன் பெட்டியின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். இரு பாதிகளும் சேரும் கோடு ஒரே சீராக இருக்க வேண்டும். எங்காவது வெண்மை படர்ந்திருந்தாலோ, நெம்பிய தழும்பு இருந்தாலோ விட்டுவிடுங்கள். லேபிளின் எழுத்து அந்தத் தலைமுறைக்கு உரியதா என்று, ஐயமில்லாத வேறொரு பெட்டியோடு ஒப்பிடுங்கள்.

அரிதான தன்மையை அளப்பதில் சாம்பிள் தோற்றுப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். தரமிட்ட காசுகளுக்கு நிறுவனங்கள் எண்ணிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன, சாம்பிளுக்கு அது கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல் எந்தக் காசுக்கு எந்தத் தரம் எத்தனை என்று சொல்லுமே தவிர, அவற்றில் எத்தனை இன்னும் ராட்லரில் இருக்கின்றன என்று சொல்லாது. ஒரே காசை உடைத்து உடைத்து அனுப்பியதால் எண்ணிக்கையே ஊதிப்போன இடங்களும் உண்டு. பெட்டியின் அருமையைக் கேட்டால் இரண்டு வழிகளிலும் பதில் ஒன்றுதான். விற்பனைகளை நீண்ட காலம் கவனித்தவர்களின் அனுபவம்தான் அளவுகோல்.

சாம்பிள் என்று முடிவெடுத்தால் எந்த நிறுவனம்? பிசிஜிஎஸ் சாம்பிள்களுக்குத்தான் போட்டி கடுமை. தலைமுறைகள் தெளிவாகப் பிரிகின்றன, ஒவ்வொன்றுக்கும் எல்லோருக்கும் தெரிந்த செல்லப்பெயர் இருக்கிறது, தொகுப்பு வரிசையாக வளர்வது கண்ணுக்குத் தெரியும். என்ஜிசியில் ரகம் அதிகம். காசைச் சுற்றிக் கறுப்புப் படுக்கை வைத்த அதன் முதல் பெட்டி 1987-ல் கொஞ்ச காலமே இருந்தது. பிறகு வெள்ளைக்கு மாறிவிட்டார்கள். அந்தக் கறுப்புப் பெட்டி எது கிடைத்தாலும் விலை ஆயிரக்கணக்கான டாலர்களில். ஆனால் பிற்கால என்ஜிசி சாம்பிள்கள் புதியவருக்கு எட்டக்கூடியவை. காசின் விளிம்பும் தெரியும்படி நான்கு முனைகள் தாங்கிப் பிடிக்கும் அமைப்பைப் பார்க்கவே ஒன்று வாங்கலாம். அனாக்ஸின் சிறிய வெள்ளைப் பெட்டிக் காலத்தவற்றை இன்னும் அதிகம் பேர் கவனிக்கவில்லை. வரலாற்றில் மூத்த பெயருக்கு இவ்வளவு குறைந்த போட்டி இருப்பது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன். வாங்குகிறவருக்கு அது வசதி.

மறைந்த நிறுவனங்களின் பெட்டிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். விலை மலிவு, கதைகள் சுவையானவை. 1990-களின் தொடக்கத்தில் கம்ப்யூகிரேட் என்ற நிறுவனம் கணினியைக் கொண்டு தரமிட்டு, புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம்வரை எழுதியது. நிறுவனம் நிலைக்கவில்லை, பெட்டிகள் தங்கிவிட்டன. இந்த வகையில் தரக்குறிப்பை நம்பி ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது. தாராளமாகத் தரம் அள்ளி வழங்கிய சிறு நிறுவனங்கள் பல இருந்தன.

பராமரிப்பில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தரமிட்ட காசின் பெட்டி கீறிப்போனால் நிறுவனத்துக்கு அனுப்பிப் புதுப் பெட்டியில் மாற்றிக்கொள்ளலாம். காசுக்காக வாங்கியவருக்கு அது போதும். பெட்டிக்காக வாங்கியவருக்கு அந்த நொடியே எல்லாம் போய்விடும். சாம்பிளில் மாற்று என்ற பேச்சே இல்லை. மேலோட்டமான கீறல்களை பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு மங்கச் செய்யலாம். விலைச்சீட்டு விட்டுச்சென்ற பசையை அவசரப்பட்டு ரசாயனம் கொண்டு துடைத்தால் பிளாஸ்டிக் மங்கிவிடும். விரிசல் விழுந்ததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது மிக அரிய ரகமாக இருந்தால் தவிர.

பணத்தின் பாதுகாப்பும் பெட்டியின் அழகும் சேர்ந்து வேண்டுமென்றால் வெளிர்பச்சை லேபிளில் ஒரு நல்ல மார்கன் டாலர் வாங்கி நிறுத்திக்கொள்ளலாம். பெட்டிகளின் முழு வரலாறும் வேண்டுமென்றால் சாம்பிளே வழி. சில பத்து டாலர்களில் கிடைக்கும் பிற்கால என்ஜிசியில் தொடங்கி, அனாக்ஸின் வெள்ளைப் பெட்டியைத் தேடி, கண் பழகிய பிறகு பிசிஜிஎஸ் ராட்லருக்குப் போங்கள். அந்த வரிசையில் போனால், பெரிய விலை கொடுக்கும் நாளில் விளிம்புக் கோட்டைப் படிக்க உங்களுக்குத் தெரிந்திருக்கும்.