சகாய்மினாதோவின் யோகாய் தெரு: எப்போது போவது, எதைப் பார்ப்பது

யோகாய்கள் என்னும் ஜப்பானிய நாட்டார் கதைப் பூதங்களை மாங்கா என்ற படக்கதைகளிலும் அனிமே என்ற அசைபடங்களிலும் பார்த்துப் பழகியவர்கள் ஜப்பானில் ஒரே ஓர் ஊருக்குத்தான் போக முடியும் என்றால், சகாய்மினாதோவுக்குப் போங்கள். கப்பா என்னும் நீர்ப்பூதம் வாழ்ந்ததாகச் சொல்லும் ஓடை டோனோவில் இருக்கிறது. ஹிரோஷிமா மாகாணத்து மியோஷியில் 2019இல் திறந்த யோகாய் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியச் சுருள்கள் குவிந்து கிடக்கின்றன. ஆராய்ச்சிக்காகப் போகிறவர்களுக்கு அதுதான் சரியான இடம். ஆனால் ஒரு யோகாய் எதிரே வந்தால் மனிதன் என்ன செய்ய வேண்டும், எதைச் சொன்னால் விலகும், எதைச் செய்தால் ஒட்டிக்கொள்ளும் என்ற அந்த உறவை நடந்து பார்த்து உணர வைப்பது, இந்த மீன்பிடித் துறைமுகத்தின் 800 மீட்டர் கடைத்தெருதான்.

டொட்டோரி மாகாணத்தின் வடமேற்கு முனையில் இருக்கும் இந்த ஊரில்தான் ‘கெகெகெ நோ கிதாரோ’ என்ற யோகாய் மாங்காவை வரைந்த மிஸுகி ஷிகெரு (1922–2015) வளர்ந்தார். நொன்னொன்பா என்று அழைக்கப்பட்ட ஒரு மூதாட்டி அவருக்குச் சின்ன வயதில் யோகாய் கதைகளைச் சொல்லிக்கொடுத்தார். கூரையில் திட்டுத் திட்டாகக் கறை தெரிந்தால், ராத்திரியில் தெஞ்சோநாமே வந்து நக்கிய அடையாளம் என்பார். இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக்கின் ரபவுலில் இடது கையை இழந்து ஊர் திரும்பிய மிஸுகி, ஒற்றைக் கையால் வரைந்த உலகம் முழுக்க அந்தக் கிழவி சொன்ன கதைகளின் மேல் எழுந்ததே. ஆள் நடமாட்டம் குறைந்து கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த ஒரு தெருவில், 1993இல் 23 வெண்கலச் சிலைகளோடு மிஸுகி ஷிகெரு சாலை தொடங்கியது. 2018இல் தெருவையே பிரித்துக் கட்டியபோது சிலைகள் 177 ஆயின. மிஸுகியின் மனைவி எழுதிய வாழ்க்கைக் கதை தொலைக்காட்சித் தொடராக வந்த 2010இல் மட்டும் 37 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள்.

போகும் வழியும் பார்க்க வேண்டிய ஒன்றுதான். பக்கத்து நகரமான யொனாகோவின் ரயில் நிலையத்தில் 0ஆம் நடைமேடையிலிருந்து சகாய் ரயில் பாதை புறப்படுகிறது. 17.9 கிலோமீட்டர், 16 நிலையங்கள், சுமார் முக்கால் மணி நேரம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு யோகாயின் பெயர் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது: யொனாகோவுக்கு நெஸுமி ஒதோகோ, கடைசியில் சகாய்மினாதோவுக்குக் கிதாரோ. பெட்டிகளின் வெளிப்புறம், கூரை, இருக்கை என்று எல்லா இடத்திலும் பாத்திரங்களின் படம். எந்த நேரத்து வண்டியில் எந்தப் படம் என்பது நாளுக்கு நாள் மாறும். குறிப்பிட்ட வண்டிதான் வேண்டும் என்று குழந்தை அடம்பிடிக்கும் என்றால் அன்றைய ஒதுக்கீட்டை நிலையத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இங்கே பலரும் தடுமாறுவது இறங்கும்போதுதான். வண்டியில் ஓட்டுநர் மட்டுமே இருப்பார், நடத்துநர் கிடையாது. இடைப்பட்ட ஆளில்லா நிலையங்களில் பின்கதவால் ஏறி, எண் சீட்டை எடுத்துக்கொண்டு, முன்கதவில் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் காசைப் போட்டு இறங்க வேண்டும். ஐசி அட்டை (தொட்டுக் கட்டணம் செலுத்தும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கு அதைத் தொடும் கருவி நிலையத்தில் இல்லை, பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஏறும்போது தொட மறந்தால் இறங்கும்போது கணக்குச் சிக்கும். ஏறக்குறைய மணிக்கு ஒரு வண்டி என்பதால், நடுவில் ஒரு நிலையத்தில் இறங்கிப் பெயர்ப் பலகையைப் படம் எடுக்க நினைப்பவர்கள் அடுத்த வண்டிக்கு அத்தனை நேரம் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். பலகை வண்டியிலிருந்தே தெரியும். இறங்காதீர்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு யொனாகோ வரை போகத் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் சகாய் பாதையின் ஒரு நிலையம் வந்துவிடும். அதன் யோகாய் பெத்தோபெத்தோ-சான். மனித-யோகாய் உறவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இருட்டில் தனியாக நடக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்கும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். ஓடக்கூடாது, கத்தக்கூடாது. வழியோரமாக ஒதுங்கி நின்று, “பெத்தோபெத்தோ-சான், நீங்க முன்னால போங்க” என்று மரியாதையாகச் சொன்னால் சத்தம் கடந்து போய்விடும். நாரா பக்கத்துக் கிராம வழக்கு இது. விரட்டுவதும் இல்லை, கும்பிடுவதும் இல்லை. வழிப்போக்கர் ஒருவருக்கு இடம் விடுவதுபோல இடம் விடுவதோடு முடிகிறது.

தெருவில் இந்த யோகாயின் சிலையைத் தேடிப் பாருங்கள்: உருண்டையாக, வாய் நிறையச் சிரித்தபடி இருக்கும். வழக்குக் கதையிலோ அதற்கு உருவமே கிடையாது, வெறும் சத்தம். இந்த இடத்தில்தான் இந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது. எல்லாச் சிலைகளும் ஒரே வெண்கலத்தில் இருப்பதால் எல்லாமே ஒரே வயதுடைய மரபு என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டு பார்த்தால்தான் தெரு முழுசாகப் பிடிபடும்.

முதல் அடுக்கு, எடோ காலத்து (17–19ஆம் நூற்றாண்டு) ஓவியர் தொரியாமா செகியென் வரைந்தவை. குளியலறை அழுக்கை நக்கும் அகாநாமே 1776இல் வந்த அவருடைய படத்தொகுப்பிலேயே இருக்கிறது. தெஞ்சோநாமே 1784இல் வந்த தொகுப்பில். இரண்டாவது, 1930களின் இறுதியில் நாட்டார் வழக்காற்று அறிஞர் யனகிதா குனியோ ஊர் ஊராகத் திரட்டிய பெயர்கள். நுரிகபே, சுனாகாகே பாபா, கொனாகி ஜிஜி, இத்தன் மோமென் எல்லாம் இந்தக் கணக்கு. அவர் எழுதியது ஒவ்வொன்றுக்கும் சில வரிகள்தான், முகம் இல்லை. முகம் கொடுத்தவர் மிஸுகி. மூன்றாவது, மிஸுகியே படைத்தவை; நெஸுமி ஒதோகோ அதில் முதலாவது.

நுரிகபேயை எடுத்துக்கொள்ளுங்கள். கியூஷுவின் வடகரை வழக்கில் அது இரவில் வழியை மறிக்கும் கண்ணுக்குத் தெரியாத சுவர். மேலே தட்டினால் பயனில்லை, கம்பால் அடிப்பக்கத்தைத் தட்டினால் மறையும். மிஸுகி அதைக் குட்டைக் கைகால்களும் சோர்ந்த கண்களும் உள்ள சாம்பல் நிறப் பலகையாக வரைந்தார். இன்றைக்கு ஜப்பானியக் குழந்தை ஒன்றிடம் நுரிகபேயை வரையச் சொன்னால் அந்தப் பலகைதான் வரும். போர்க்காலத்தில் ரபவுல் காட்டில் இருட்டில் தப்பி ஓடும்போது மெத்தென்ற ஒன்று முன்னால் நகரவிடாமல் தடுத்ததாகவும், அது நுரிகபேதான் என்றும் மிஸுகி சொல்லியிருக்கிறார். சிலையைப் பார்க்கும்போது இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பீடத்தில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து இவ்வளவும் கிடைக்காது. தயாரிப்பில்லாமல் போகிறவர்களுக்கு இது அழகான பொம்மைகளின் வரிசையாக மட்டுமே முடிந்துபோகும். இந்த அனுபவத்தின் பெரிய குறை இதுதான்.

புதுப்பித்தபோது சிலைகளை ஐந்து பகுதிகளாகப் பிரித்து வைத்தார்கள்: மிஸுகியின் மாங்கா உலகம், காட்டில் வாழ்பவை, நன்மை தீமைகளோடும் தெய்வங்களோடும் தொடர்புடையவை, பக்கத்திலேயே பதுங்கியிருப்பவை, வீட்டுக்குள் வாழ்பவை. என் கணிப்பில் இது மிக நல்ல முடிவு. யோகாயை அது வாழும் இடத்தை வைத்துத்தான் அறிய வேண்டும். காட்டு யோகாயிடம் செல்லும் தந்திரம் வீட்டு யோகாயிடம் செல்லாது. தலைக்குழியில் தண்ணீர் வைத்திருக்கும் கப்பாவிடம் குனிந்து வணக்கம் சொன்னால், மரியாதை தவறாத அது பதிலுக்குக் குனியும்; தண்ணீர் சிந்தி வலுவிழக்கும். வீட்டில் இருக்கும் குழந்தை உருவ யோகாயான ஸாஷிகி வாராஷியை அப்படி ஏமாற்றவே கூடாது. அது இருக்கும்வரைதான் குடும்பத்தில் செல்வம், கிளம்பிவிட்டால் வீழ்ச்சி. சிலைகளைக் கடந்து நடக்கும்போது ‘இதனோடு எப்படி நடந்துகொள்வது’ என்ற கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் ஐந்து பகுதிகளும் ஐந்து விதமான பழக்க முறைகளாகத் தெரியும்.

சிலைகள் பெரும்பாலும் சின்னவை. தெருவின் இரண்டு பக்கமும் நடைபாதையோரமாக நிற்கின்றன. நிலையத்திலிருந்து ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்புங்கள். குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் பாதி விட்டுப்போகும். சாலையை ஒருவழியாக்கி நடைபாதையை அகலமாக்கியதால் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் இடம் தாராளம். நிற்காமல் நடந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நின்று பார்க்க மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நிலையத்து வாசலிலேயே மிஸுகி மேசையில் வரைந்துகொண்டிருக்க, கிதாரோவும் நெஸுமி ஒதோகோவும் எட்டிப் பார்க்கும் சிலைத் தொகுதி இருக்கிறது. அவசரமாகத் தெருவுக்குள் நுழைகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

அந்த இரண்டு பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிதாரோ பூதக் குலத்தின் கடைசி வாரிசு, கல்லறைக்குள் பிறந்தவன். அவனை எடுத்து வளர்த்தவர் ஒரு மனிதர். அப்பா வெறும் கண்விழியாக மிஞ்சியிருக்கிறார். நெஸுமி ஒதோகோ பாதி மனிதன், பாதி யோகாய். காசு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்வான், மறுநாளே திரும்பி வருவான். இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்பவர்களின் நேர்மைக்கும் சபலத்துக்கும் இந்த ஜோடியைவிட நல்ல சித்திரம் யோகாய் மாங்காவில் குறைவு.

நேரத்தைப் பொறுத்தவரை, உச்சி வெயிலில் வந்து நான்கு மணிக்குக் கிளம்பும் பயணத் திட்டம் வீண். பொழுது சாய்ந்ததும் விளக்குகள் யோகாய்களின் நிழலைத் தரையில் வீழ்த்தும். சிலைகளுக்கும் தனித்தனி வெளிச்சம் வரும். பகலில் வேடிக்கையாகத் தெரிந்த அதே உருவம், காலடியில் அதன் நிழல் கிடக்கும்போது வேறாகிவிடுகிறது. ஆனால் கடைகள் மாலையிலேயே மூடிவிடும், முத்திரை சேகரிக்கும் ஏட்டுக்கான முத்திரைகள் அந்தக் கடைகளில்தான் இருக்கின்றன. அதனால் மதியம் வந்து, சுற்றுலா மையத்தில் ஏட்டை வாங்கி, முதலில் முத்திரைகள், பிறகு தெருக்கோடியில் உள்ள மிஸுகி நினைவகம், இருட்டிய பின் சிலைகள் என்று வரிசைப்படுத்துங்கள். முத்திரை முழுசாக முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. 2000ஆம் ஆண்டு புத்தாண்டில் திறந்த யோகாய் கோவிலில், கைகழுவும் தொட்டியில் கண்விழி வடிவக் கல் தண்ணீரில் சுழலும். அதைப் பகலிலேயே பார்ப்பது நல்லது.

தெருவின் மறுகோடியில் மிஸுகி ஷிகெரு நினைவகம். 2003இல் அவருடைய பிறந்தநாளான மார்ச் 8 அன்று திறந்து, முழுக்க இடித்துக் கட்டி 2024 ஏப்ரலில் மறுபடி திறந்தார்கள். பெரியவர்களுக்கு 1,000 யென். மாலை 5 மணிக்கு மூடுவார்கள், கடைசி நுழைவு அரைமணி முன்னதாக. யோகாய் அறைகள் குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது போரும் அவருடைய வாழ்க்கையும் வரும் பகுதி. பசியையும் மரணத்தையும் அவ்வளவு பக்கத்தில் பார்த்தவர் ஏன் யோகாய்களை எதிரிகளாக வரையவில்லை என்பது அங்கே விளங்கும்.

ஒரு வருத்தமும் உண்டு. சகாய் பாதையின் இரண்டு நிலையங்களுக்குக் கொரொபொக்குரு, கிஜிமுனா என்று பெயர். முன்னது வடக்கே ஐனு மக்களின் கதைகளில் வரும் குள்ள மனிதர்கள். இரவில் முகம் காட்டாமல் மனிதரோடு பண்டம் மாற்றியவர்கள், ஒருவன் ஆர்வம் தாங்காமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்ததும் நிரந்தரமாக விலகிப் போனவர்கள். பின்னது தெற்கே ஒகினாவாவின் மர ஆவி. மீனவனோடு நட்பாகி வலை நிறைய மீன் பிடித்துத் தரும், மீனின் கண்ணை மட்டும் தனக்கு எடுத்துக்கொள்ளும், மனிதன் சலித்துப்போய் அதன் மரத்தை எரித்தால் பழிவாங்கும். இரண்டுமே முறிந்த நட்பின் கதைகள், அதுவும் தனி மொழியும் வரலாறும் உள்ள மக்களுடையவை. மற்ற ஜப்பானிய யோகாய்களோடு ஒரே வரிசையில் பெயர்ப் பலகையாக நிற்கும்போது அந்த வேறுபாடு காணாமல் போகிறது. நிலையத்தில் நாலு வரி எழுதி வைத்தாலே போதும்.

சாப்பாட்டுக்கு யோகாய் உருவத் தின்பண்டங்கள் நிறையக் கிடைக்கும். படம் எடுக்க ஒன்று வாங்கினால் போதும். பசிக்கு மீன் கடைகளுக்குப் போங்கள். நண்டு இறங்கும் பெரிய துறைமுகம் இது, நவம்பர் முதல் குளிர்காலம் வரை மத்ஸுபா நண்டு பருவம். அந்தப் பருவத்தில் ஜப்பான் கடல் பக்கம் மழையும் பனியும் அதிகம் என்பதால் நனையாத காலணி அவசியம்.

இரவு வெளிச்சத்துக்காகத் தங்குகிறவர்கள் நிலையத்தையொட்டி அறை எடுத்தால் கவலையில்லை. யொனாகோவில் அறை எடுத்திருந்தால், திரும்பும் வண்டிகளின் நேரத்தை வந்து இறங்கியதுமே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும், கடைசியைத் தவறவிட்டால் டாக்சிதான்.