எக்நாக்கா, ஹாட் சாக்லேட்டா, மசாலா வைனா?

குளிர்கால விருந்துக்குப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டாயிற்று. வந்தவுடன் கையில் என்ன கொடுப்பது? மூன்றுமே ருசிதான், அதில் சண்டையில்லை. கூப்பிட்டவர் விருந்தாளிகளோடு உட்கார முடியுமா, அடுப்படியிலேயே நிற்க வேண்டுமா என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

ஹாட் சாக்லேட்டை வேண்டாம் என்பவர் குறைவு. ஆனால் ஆளைக் கட்டிப்போடும். பால் அடிப்பிடிக்கும், கொஞ்சம் விட்டால் ஏடு படியும், கோகோ அடியில் தங்கும். கோகோ தண்ணீரோடு எளிதில் சேராத பொருள். பாலில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். சர்க்கரையோடு கலந்து, சிறிது வெந்நீர் விட்டுக் குழைத்துக்கொண்டு அப்புறம் பாலில் சேர்த்தால் கட்டி தட்டாது. நான்கு பேருக்கு என்றால் யோசிக்காமல் இதையே செய்வேன். பன்னிரண்டு பேர் என்றால் யாராவது கரண்டியோடு பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

எக்நாக், அதாவது முட்டை, பால், சர்க்கரையோடு பெரும்பாலும் ரம்மும் சேர்க்கும் பானம், இதற்கு நேர் எதிர். முதல் நாளே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். ஊற்றி, ஜாதிக்காயைத் துருவிப் போட்டால் வேலை முடிந்தது. சிக்கல் முட்டையில். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ரம் ஊற்றினால் செத்துவிடும் என்று நம்பி உடனே பரிமாறுவது சரியில்லை. முட்டையும் பாலும் சேர்ந்த கலவையை 71 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடாக்க வேண்டும், அதைத் தாண்டிக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். சமையல் வெப்பமானி இல்லாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது. இன்னொன்று, இது கனமான பானம். வயிறு நிறையச் சாப்பாடு காத்திருக்கும்போது, சின்னக் கோப்பைக்கு மேல் யாராலும் குடிக்க முடியாது.

என் ஓட்டு மசாலா வைனுக்கு. சிவப்பு வைனில் பட்டை, நாலைந்து கிராம்பு, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் சர்க்கரை. சிறுதீயில் ஆவி பறந்தால் போதும், கொதிக்கக் கூடாது. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். கூடவே வாசனையும் போய்விடும். மசாலாவை முழுசாகத்தான் போட வேண்டும், பொடி போட்டால் வாயில் மணல் மாதிரி நெருடும். அரை மணி நேரத்தில் வடித்துவிடுங்கள், இல்லையென்றால் கிராம்பு எல்லாவற்றையும் அமுக்கிவிடும், தோலின் கசப்பும் இறங்கும். விலை உயர்ந்த வைனை இதில் ஊற்றுவது வீண். 750 மில்லி பாட்டில் ஒன்றில் ஐந்து கோப்பை வரும், பன்னிரண்டு பேருக்கு மூன்று பாட்டில். மது தொடாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னொரு பாத்திரத்தில் ஆப்பிள் சாறு, அதே மசாலா, சர்க்கரைக்குப் பதில் ஒரு பிழி எலுமிச்சை. குறைந்த தீயில் வைத்துவிட்டால் வேண்டியவர்கள் தாங்களே மொண்டுகொள்வார்கள்.

மீந்த வைனை மறுநாள் மறுபடி சூடாக்கிக் குடிக்கலாம். எக்நாக் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் கிடந்தால் கொட்ட வேண்டியதுதான்.