பெரியவர்களுக்கு பட்டன் போனா, டச் போனா?

பேச மட்டும் என்றால் பட்டன் போனே போதும். எண்ணைத் தடவிப் பார்த்தே அழுத்தலாம், சார்ஜும் இரண்டு மூன்று நாள் நிற்கும். 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகளுக்கு அழைப்பு போகும்படி ஸ்பீடு டயல் வைத்துக் கொடுங்கள். ஜியோ சிம் என்றால் 4ஜி மாடலாகப் பார்த்து வாங்குங்கள். 2ஜி போனில் சிக்னலே வராது.

டச் போனில் பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றை முகப்பதிவு மூலம் வீட்டிலிருந்தே தரலாம். சிக்கல் விரலில்தான். வயதானால் தோல் வறண்டுபோய், திரை தொடுதலைச் சரியாக உணராது. உடனே அழுத்திப் பிடிப்பார்கள். ஐகான் இடம் மாறும் அல்லது காணாமல் போகும். ஈரத்துணியில் விரல் நுனியைத் துடைத்துவிட்டு லேசாகத் தட்டச் சொல்லுங்கள். முகப்புத் திரை அமைப்பைப் பூட்டும் வசதி இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். "யாரோட போனும் வரமாட்டேங்குது" என்றால் முதலில் ஏரோபிளேன் மோடைப் பாருங்கள். திரையை மேலிருந்து இழுக்கும்போது கைபட்டு ஆன் ஆகியிருக்கும்.

வசதியிருந்தால் இரண்டையும் கொடுப்பதே நல்லது. வங்கியில் பதிந்த எண் பட்டன் போனில் இருக்கட்டும். டச் போனில் எவனாவது திரையைப் பகிரும் ஆப்பைப் போட வைத்தாலும் ஓடிபி அவன் கண்ணில் படாது. அப்படியும் பணம் போனால், தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.